வாசற்படியையும் சேர்த்து

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், உன் பஸ் ஸ்டாண்டு மைக், மூவரும் நலமா? தனித்தனியாகப் பதில் எழுது. போன கடிதத்தில் மைக்கைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தாய்.

எழுத்து கோணலாக இருக்கும். ஒரு பாட்டு என்னிடம் வந்திருக்கிறது. மெட்டும் நானே, சொல்லும் நானே.

காலையில் நாடகக்காரர் ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த தன் ஆர்மோனியத்தை வாங்கிப்போகக் கடைக்கு வந்தார். முதலாளி இன்னும் வரவில்லை. ரீடு மாற்றிய பெட்டியை நான் வாசித்துக் காட்டினேன். வழக்கமாக எல்லாக் கட்டையையும் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு மூடிவிடுவேன். இன்றைக்கு விரல் எங்கேயோ போயிற்று. அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“இது யாரு மெட்டு?”

“யாருதும் இல்லீங்க. சும்மா வந்தது.”

“அப்ப உன்னுது.”

அவர் போடப்போகும் நாடகம் முழுக்க ஒரு மாடிப்படியில் நடக்கிறது. ஏழு மாடிக் கட்டடம். லிப்ட் ஓடவில்லை. மேலே தண்ணீர் ஏறவில்லை. ஒரு பெண் வாளியில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். மேலே யார் காத்திருக்கிறார்கள் என்று நாடகம் கடைசிவரை சொல்லாது. அவள் ஏறும்போது ஒரு பாட்டு. ஜூன் கடைசியில் முதல் காட்சி. மே முடிவதற்குள் பாட்டும், பாடுகிறவரும் அவர் முன்னால் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் வெறும் காலடி ஓசையை வைத்துக்கொள்வாராம். பாடுகிறவரை நான்தான் கொண்டுவரவேண்டும்.

யாரை நினைத்தேன் என்று உனக்குச் சொல்லவேண்டுமா?

முதல் வரிகள்:

விண்முட்டும் படிகளிலே விளக்கேந்தி ஏறுகிறேன்
மண்ணுலகம் அத்தனையும் மடிந்திருக்கக் காணுகிறேன்

எப்படி? பொய் சொல்லாமல் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
குறட்டை


ஜனவரி 25

அன்புள்ள குறட்டைக்கு,

அத்தானுக்குச் சளி விட்டுவிட்டது. மைக் இருமுகிறது. இருவருக்கும் பதில் எழுதியாயிற்று.

உன் கடிதத்தை அறிவிப்பு அறையில் வைத்துப் படித்தேன். படித்த வேகத்தில் ஐந்தாம் மேடைப் பேருந்தை இரண்டாம் மேடைக்கு அனுப்பிவிட்டேன். நேரக்காப்பாளர் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

“என்னம்மா, பஸ்ஸை வெச்சு விளையாடறீங்களா?”

“தம்பிக்குப் பாட்டு கெடச்சிருக்கு சார்.”

“அதுக்கு ஜனங்க என்ன பண்ணாங்க?”

நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். எல்லாம் உன் கணக்கில்.

இனி உன் வரிகள். விளக்கு எங்கிருந்து வந்தது? அவள் கையில் இருப்பது வாளி. வாளியைக் கீழே வைத்துவிட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டாளா? மண்ணுலகம் ஏன் மடிந்திருக்கிறது, துவைத்துக் காயப்போட்டதா? பல்கலைக்கழகத்தில் நீ படித்த அழகியலை மூட்டை கட்டிப் பரணில் போடு.

எங்கள் லிப்டும் ஐந்து வாரமாக ஓடவில்லை. நாலு மாடி ஏறுகிறேன். ஏறுகிறவளுக்கு விண்ணும் தெரியாது, மண்ணும் தெரியாது. அடுத்த படி தெரியும். அதன் ஓரம் எங்கே உடைந்திருக்கிறது என்று தெரியும். கைப்பிடிக் கம்பியில் எந்த இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது என்று தெரியும். இன்னொன்று. உன் அத்தான் எனக்குப் பின்னால் வரும்போது ஒவ்வொரு படியையும் முணுமுணுவென்று எண்ணுகிறார். தினமும் எழுபத்தொன்று. காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பாடுவேன். அதில் சந்தேகம் வைக்காதே. மதியம் ஒன்று பத்திலிருந்து ஒன்று இருபத்தைந்துவரை எந்த வண்டியும் கிளம்பாது. அப்போது இந்த அறையில் நானும் ஒரு டேப் ரெக்கார்டரும்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? என் வரிகளைத் துவைத்துக் காயப்போட்டதற்கு நன்றி. இரண்டு நாள் உன்மேல் கோபம். மூன்றாம் நாள் எங்கள் கட்டடத்தில் ஏறி இறங்கிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. மண்ணுலகம் இல்லை.

நான் எப்படி வேலை செய்கிறேன் என்று உனக்குச் சொன்னதில்லை. எனக்கென்று ஆர்மோனியம் கிடையாது. கடைக்குப் பழுதுபார்க்க எது வருகிறதோ அதில்தான் வாசிக்கிறேன். கடை திறப்பதற்கு முன் முக்கால் மணி நேரம். இந்த வாரம் இருக்கும் பெட்டியில் ‘ம’ இல்லை. கட்டையை அழுத்தினால் காற்றுகூட வருவதில்லை. ஆகவே மெட்டிலும் ‘ம’ இல்லை. ‘க’விலிருந்து ‘ப’வுக்கு ஒரே தாவல். படி ஒன்று உடைந்திருந்தால் எப்படித் தாண்டுவோம், அப்படி. நான் யோசித்துச் செய்ததில்லை. பெட்டி செய்தது.

நேற்று ரீடு மாற்றிவிட்டு ‘ம’வைச் சேர்த்துப் பார்த்தேன். பாட்டு சாதுவாகிவிட்டது. மறுபடி எடுத்துவிட்டேன்.

வடிவமும் கிடைத்துவிட்டது. மாடிக்கு ஒரு வரி, மொத்தம் ஏழு. அத்தான் எண்ணும் எண்தான் கொடுத்தது.

முதல்மாடி ஏறினேன், வாளி கனக்கவில்லை
இரண்டாம்மாடி ஏறினேன், எதிரில் யாரும் இல்லை
மூன்றாம்மாடி ஏறினேன், முழங்கால் கேட்கவில்லை

இப்படியே ஏழுவரை. முழுதும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மெட்டுக்கான ஸ்வரத்தோடு. வரியை உடைக்காமல் ஒரே மூச்சில் பாடு. நீ பாடுவாய். தண்ணீருக்கடியில் இருநூறுவரை எண்ணியவள் நீ.

எப்போது அனுப்புவாய்? தபால்காரரைப் பார்த்தால் எழுந்து நிற்கிறேன். அவர் பயப்படுகிறார்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

குறட்டை


மார்ச் 3

அன்புள்ள குறட்டைக்கு,

தாமதம். அத்தான் நலம். லிப்ட் இன்னும் நலமாகவில்லை.

கேசட் இத்தோடு. சொல்லிவிடுகிறேன், முழுதாகப் பாடவில்லை. மூன்றாம் மாடியில் நின்றுவிட்டேன். நாலு நாள், நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் அங்கேதான். உன் வரி நீளம். மூச்சு போதவில்லை. இடையிடையே விட்டுவிட்டுப் பாடியிருக்கிறேன். திட்டாதே.

உன் மெட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தத் தாவல் மிகவும் பிடித்திருக்கிறது. ‘ம’வை யார் கேட்டாலும் கொடுக்காதே.

ஒன்று கேட்கிறேன். இதை எண்ணாத பாட்டாக மாற்றமுடியுமா?

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். நீ?

கேசட்டைப் பதினோரு தடவை கேட்டாயிற்று. முதல் தடவை ஏமாற்றம். நான் கொடுத்த வரியைத் துண்டு துண்டாக்கியிருக்கிறாய். இரண்டாம் தடவை நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாம் தடவை கடையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“பொண்ணு நிஜமாவே ஏறுது போல இருக்கே.”

அதுதான். அதேதான். ‘முதல்மாடி’, மூச்சு. ‘ஏறினேன்’, மூச்சு. நீ மூச்சை மறைக்கவில்லை. பாட்டுக்குள் வைத்திருக்கிறாய். நான் தாளத்தை வெளியில் தேடிக்கொண்டிருந்தேன், மேசையில் தட்டி, தொடையில் தட்டி. தாளம் உன் மூச்சில் இருந்தது. அறைக்குள் படி ஏறுவதுபோல நடித்துப் பார்த்தாயா? எவ்வளவு நேரம் யோசித்தாய் இதை? மூன்றாம் மாடியில் நிற்பது அதைவிடப் பெரிய யோசனை. நின்றதும் பின்னால் ஒரு பேருந்து ஹார்ன் அடிக்கிறது பார், அது தற்செயலா? நம்பமாட்டேன்.

நாடகக்காரர் கேட்டார். திரும்பப் போடச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

எண்தான் புரியவில்லை. எண்ணை எடுத்துவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவது? நாள் முழுக்க மேடை எண், தட எண், நேரம் என்று எண்ணைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், பாட்டில் எண் வேண்டாம் என்கிறாயே.

அத்தானுக்கு என் வணக்கம்.

குறட்டை


மார்ச் 29

அன்புள்ள குறட்டைக்கு,

அத்தான் வணக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் சொல்லும் எண்கள் கிளம்பிப் போகிற எண்கள். சொன்னவுடன் போய்விடும். அடுத்த எண் வரும். உன் பாட்டில் வருவது அப்படியில்லை. ஒன்று இருந்தால்தான் இரண்டு. இரண்டு இருந்தால்தான் மூன்று. ஏறுகிறவள் எண்ணமாட்டாள். எண்ணினால் மீதி எத்தனை என்று தெரிந்துவிடும். வாளியில் தண்ணீர் சிந்தக்கூடாது என்றால் மீதியை நினைக்கக்கூடாது. நான் சொல்வது புரிகிறதா? புரியாவிட்டால் பரவாயில்லை. எண்ணை எடு.

மேலே யார் என்பதையும் பாட்டு சொல்லவேண்டாம்.

எங்கள் வீட்டுச் செய்தி. உன் அத்தான் மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். எதிர்வீட்டு அம்மா, “இது என்ன, படிக்கட்டா, பஸ் ஸ்டாண்டா?” என்று கேட்டார்கள். இவர், “ரெண்டும்தாங்க” என்றார். இப்போது அந்த அம்மாவே தினமும் அதில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சுருதியை அரைக்கட்டை இறக்கு. இன்னும் கொஞ்சம் இறக்கினாலும் சரி.

மூச்சைப் பற்றி நீ எழுதியதைப் படித்து நெடுநேரம் சிரித்தேன். ஆமாம், பெரிய யோசனைதான்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும், ஸ்டூலும் நலமா?

முடிந்துவிட்டது. மூன்று நாள் முன்பு, காலை எட்டேகாலுக்கு.

இந்த வாரப் பெட்டிக்குத் துருத்தியில் ஓட்டை. காற்று நிற்காது. நாலு எண்ணுவதற்குள் ஸ்வரம் செத்துப்போகும். எரிச்சலில் ஓட்டையை அடைக்கப் போனேன். அப்புறம் தோன்றியது. இந்தப் பெட்டிக்கும் உன்னைப் போலத்தான் மூச்சு. அது எவ்வளவு தூரம் தாங்குகிறதோ அவ்வளவுதான் ஒரு வரி. பெட்டி நின்ற இடத்தில் நானும் நின்றேன். எண் எல்லாம் உதிர்ந்துவிட்டது. நீ எழுதிய கடிதங்களைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினேன். பாதி உன் வாக்கியம். கோபிக்காதே.

ஏறுகிறேன்
தண்ணீர் சிந்தாமல்
ஏறுகிறேன்

பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது
உரிந்த இடம் கைக்குத் தெரியும்
நின்றுகொள்ளத் திருப்பம் இருக்கிறது
நின்ற இடம் காலுக்குத் தெரியும்

எத்தனை என்று கேட்காதே
எண்ணாமல் ஏறுகிறேன்

மேலே ஒரு கதவு
எனக்காகத் திறந்திருக்கும்

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு மூச்சு. அதையும் ஸ்வரம் போல எழுதியிருக்கிறேன், சின்ன வட்டமாக. நடிகையிடம் அந்த வட்டங்களைக் கொடுத்துப் பழகச் சொன்னார் நாடகக்காரர். அவள் பழகிப் பழகித் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். “உங்க அக்கா எப்படிங்க இதைத் தாங்குறாங்க?” என்று கேட்டாள். எனக்குப் பெருமை.

இப்போது முக்கியமான செய்தி. நாடகக்காரருக்குக் கேசட் வேண்டாம். மேடையின் ஓரத்தில் நீ நிற்கவேண்டும். அவள் ஏற ஏற நீ பாடவேண்டும். மே இருபதிலிருந்து ஒத்திகை. லீவு எழுதிப்போடு. உன் பேருந்துகள் ஒரு மாதம் தாங்களாகவே கிளம்பிக்கொள்ளும்.

அக்கா, நீயும் நானும் ஒரே மேடையில்.

குறட்டை


ஏப்ரல் 30

அன்புள்ள குறட்டைக்கு,

அத்தான் நலம். ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடுகிறது.

பாட்டு நன்றாக வந்திருக்கிறது. இவ்வளவு நன்றாக வரும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

கடைசி இரண்டு வரியை மட்டும் பாடவில்லை. கதவு திறந்திருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ‘எண்ணாமல் ஏறுகிறேன்’ என்பதோடு நிறுத்திவிட்டேன்.

இந்தத் தடவை அறையில் வைத்துப் பாடவில்லை. எங்கள் படிக்கட்டிலேயே பாடினேன், ஏறிக்கொண்டே. அத்தான் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஒரு படி பின்னால் வந்தார். ஒரே தடவைதான். இரண்டாம் தடவை அவர் விடவில்லை.

ஒத்திகைக்கு வரமுடியாது. காட்சிக்கும் வரமுடியாது. வேலை இருக்கிறது. கேசட்டை வைத்துக்கொள்.

அக்கா


மே 22

அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை.

‘வேலை இருக்கிறது.’ இதை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? ஐந்து மாதமாக இது நம்முடைய பாட்டு என்று நினைத்திருந்தேன். உன் வாக்கியம், உன் மூச்சு, உன் படி. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, நிற்கவேண்டிய நாளில் நீ இல்லை. ஏன் என்றும் சொல்லமாட்டாய். நீ எப்போதும் இப்படித்தான். பாதிக் கதவைத் திறந்து பேசிவிட்டுச் சாத்திக்கொள்வாய்.

நாடகக்காரர் வேறு ஒருவரைக் கூட்டிவந்துவிட்டார். முறையாகப் பயின்ற குரல். நாலு வரியை ஒரே மூச்சில் பாடுகிறார். நான் போட்ட வட்டங்களைப் பார்த்து, “இது என்ன, பூச்சி அரிச்சதா?” என்று கேட்டார். கடைசி இரண்டு வரியையும் சேர்த்துத்தான் பாடுகிறார்.

நீ அனுப்பிய கேசட்டை நான் போட்டுக் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் அக்கா உங்கள் கடிதத்தைப் படித்தாள். மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அன்று முழுவதும் பேசவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு இது ஏழாவது மாதம்.

முன்பு இரண்டு தடவை மூன்றாம் மாதத்தோடு முடிந்துபோனது உங்களுக்குத் தெரியும். இரண்டு தடவையும் நாள் எண்ணினோம். எல்லோருக்கும் சொன்னோம். பிறகு எல்லோருக்கும் மறுபடியும் சொல்லவேண்டியிருந்தது. உங்களுக்குச் சொன்னதுதான் அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது என்று ஒருமுறை சொன்னாள். நீங்கள் இரண்டு தடவையும் சந்தோஷத்தில் துள்ளியிருந்தீர்கள். இந்தத் தடவை யாருக்கும் சொல்லவேண்டாம், நாமும் எண்ணவேண்டாம் என்றாள். நான் அவளுக்குத் தெரியாமல் எண்ணுகிறேன்.

முதல் கேசட் பதியும்போது மூன்றாவது மாதம். அந்த வரி வந்ததும் அவளால் பாடமுடியவில்லை. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மூச்சு வாங்குவது நடிப்பில்லை தம்பி.

இப்போது படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே அவள் கீழே இறங்குவதேயில்லை. லீவு போட்டிருக்கிறாள். ஜன்னலருகில் உட்கார்ந்து உங்கள் பாட்டை முணுமுணுக்கிறாள். நல்லபடியாக இருக்கிறாள். உங்களுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. மே மாதம் நான் எழுதியதை நீயும் கிழித்துவிடு. குறட்டை விடுகிறவன் விழித்திருக்கும்போதும் சில சமயம் அதையேதான் செய்கிறான்.

கேசட்டைக் கேட்டேன்.

முதலில் சொல்லவேண்டியது, நாடகம் நடந்துவிட்டது. மூன்று நாள் ஆகிறது. பாட்டு நடந்தது. உன் குரலில்.

ஒத்திகையில் அந்தப் பயின்ற குரல் பாடி முடித்ததும் நாடகக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பாட்டு சரியா இருக்கு. படிதான் காணோம்” என்றார். நான் பையிலிருந்து உன் கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். நடிகை வாளியோடு ஏற ஆரம்பித்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. நீ நின்ற இடத்தில் நின்றாள். நீ மூச்சு விட்ட இடத்தில் விட்டாள். மேலே போனதும் வாளியைப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பயின்ற குரல்காரர் என்னிடம் வந்து, “அந்த வட்டமெல்லாம் இப்பத்தான் புரியுது தம்பி” என்றார். நல்ல மனிதர்.

கடைசி இரண்டு வரி இல்லை. நீ சொன்னது சரி. ‘எண்ணாமல் ஏறுகிறேன்’ என்று நின்றதும் மண்டபத்தில் யாருமே கைதட்டவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் நின்று அந்த அமைதியைக் கேட்டேன். என் ஆயுளில் நான் போட்ட மிக நல்ல மெட்டு அதுதான் என்று தோன்றியது. அதில் ஒரு ஸ்வரம்கூட என்னுடையதில்லை. பிறகுதான் மூச்சை விட்டார்கள். கைதட்டல் ஓயவில்லை. நாடகக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் அழுதாரா, எனக்குத்தான் கண் மங்கியதா, தெரியவில்லை.

இன்னும் ஒன்று. கடையில் ஹெட்போன் மாட்டி உன் கேசட்டைக் கேட்டபோது அடியில் வேறொரு சத்தம் வந்தது. டேப் இரைச்சல் என்று நினைத்தேன். ஒலியைக் கூட்டினேன். அத்தான். உனக்கு ஒரு படி பின்னால், மூச்சோடு மூச்சாக, எண்ணிக்கொண்டே வருகிறார். நீ ‘எண்ணாமல் ஏறுகிறேன்’ என்று பாடுகிறாய். அவர் ‘நாற்பத்தாறு, நாற்பத்தேழு’ என்கிறார். நீ நின்றால் அவரும் நிற்கிறார். கடைசியில் ‘எழுபத்தொன்று’ என்றுவிட்டு, “மெதுவா, மெதுவா” என்கிறார். அங்கே டேப் முடிகிறது.

அதை அழிக்கட்டுமா என்று நாடகத்து ஒலிப்பதிவுக்காரர் கேட்டார். கை வைக்காதீர்கள் என்றேன்.

நீ ஒன்றும் எழுதவேண்டாம். எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுது. நான் தபால்காரரைப் பார்த்து எழுந்து நிற்கமாட்டேன். உட்கார்ந்தே இருப்பேன்.

உன்,
குறட்டை


செப்டம்பர் 14

அன்புள்ள குறட்டைக்கு,

நான் நலம்.

ஜனவரியிலிருந்து நீ கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் அது. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நீ எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறாய். சண்டை போட்ட கடிதத்தில்கூட ‘நலம்’ என்ற சொல் இருந்தது. ஜூலையில் எழுதியதில் மட்டும் அந்தச் சொல்லே இல்லை, ‘உடம்பு எப்படி’ என்று நீ கேட்கவும் இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது. உன் அத்தானைக் கூப்பிட்டு, “யாருக்கு லெட்டர் போட்டீங்க?” என்று கேட்டேன். “மின்சார ஆபீசுக்கு” என்றார். மனிதருக்குப் பொய் சொல்லவும் வராது, ரகசியமாக எண்ணவும் வராது.

போன ஐந்தாம் தேதி, காலை பத்து நாற்பதுக்கு. பெண். அழுதாள், நிறுத்தினாள், சுற்றிப் பார்த்தாள், தூங்கிவிட்டாள். குறட்டை விடுகிறாள். உன் பட்டப்பெயருக்கு ஆபத்து, சீக்கிரம் வா. வரும்போது நல்ல துருத்தியுள்ள பெட்டியாகப் பார்த்துக் கொண்டு வா. இந்த வீட்டில் இனி மூச்சுக்குக் குறைவில்லை.

பாட்டின் கடைசி இரண்டு வரியைப் பற்றி யோசித்தேன். இப்போது சேர்த்துக்கொள்ளலாமா என்று. வேண்டாம். கதவு திறந்தது எனக்கு. நாடகத்தில் ஏறுகிறவளுக்குத் திறக்குமா என்று அவள்தான் ஏறிப் பார்க்கவேண்டும். பாட்டு நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தோம். லிப்ட் ஓடவில்லை என்று தனியாக எழுதவேண்டியதில்லை. அத்தான் பிள்ளையை வாங்கிக்கொள்கிறேன் என்றார். கொடுக்கவில்லை. எதிர்வீட்டு அம்மா பையைத் தூக்கிக்கொண்டார்கள். அத்தான் பின்னால் வந்தார், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, நான் என்னவோ பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடுவேன் என்பதைப் போல. வாய் அசையவில்லை. எண்ணவில்லை. என்னைப் பார்த்துப் பயம்.

ஸ்டூலில் ஒருமுறை உட்கார்ந்தேன். கால் இன்னும் ஆடுகிறது. பிறகு எழுந்து ஏறினேன்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். உன் கேசட்டில் இருப்பது தப்புக் கணக்கு. எங்கள் வாசலில் ஒரு படி இருக்கிறது, அவர் அதைச் சேர்ப்பதே இல்லை. நான் அடியிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன், ஒன்றுவிடாமல், மெல்லிய குரலில், அவள் காதில் மட்டும் விழும்படியாக.

எழுபத்திரண்டு.

அக்கா